தேன்பெட்டியின் கீழே கிடந்த மாத்திரைகள்

நான் அந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு மருத்துவச்சியாகப் போய்ச் சேர்ந்தபோது டிஸ்பென்சரியில் இரண்டு மருந்துகள் இருந்தன. ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை. வேறு மருந்துகளும் அலமாரியில் இருந்தன. அவை அலமாரியிலேயே இருந்தன. காய்ச்சல், இருமல், உடம்பு நோவு என்று வந்தவர்களுக்குச் சிவப்பு. வயிறு என்று வந்தவர்களுக்கு வெள்ளை. தலையிடி என்று யாராவது வந்தால் அன்றைக்கு எந்தச் சாடியில் அதிகம் இருக்கிறதோ அது.

இரண்டையும் தயாரித்தவரைத் தோட்டமே டாக்டரய்யா என்று அழைத்தது. அவர் டாக்டர் இல்லை, டிஸ்பென்சர். யாழ்ப்பாணத்துக்காரர். ஐம்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். மனைவியும் நான்கு பிள்ளைகளும் ஊரில் இருந்தார்கள். வருஷத்துக்கு இரண்டு தடவை போய் அவர்களைப் பார்த்துவிட்டு, போனபோது இருந்ததைவிடக் கொஞ்சம் களைப்பாகத் திரும்பி வருவார்.

நோயாளி முன்னால் வந்து நின்றதும் "நாக்கை நீட்டு" என்பார். நாக்கு நீளும். அதைப் பார்ப்பார். "என்ன செய்யுது?" என்பார். அவர்கள் சொல்லத் தொடங்குவார்கள். முதல் சொல்லிலேயே அவருக்கு நிறம் தெரிந்துவிடும். மிச்சத்தை அவர்கள் என்னிடம் சொல்லிக்கொண்டே போத்தலை நீட்டுவார்கள். நிரப்புவது நான். என் வேலை பிரசவம் பார்ப்பது. ஆனால் தோட்டத்தில் தினமும் பிள்ளை பிறப்பதில்லை என்பதால் போத்தல் வேலையும் எனக்கு வந்தது. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. சொன்னதைச் செய்தேன்.

அவரைக் கெட்ட வைத்தியர் என்று சொல்ல மாட்டேன். தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற கவ்வாத்துக் கத்தி பட்டுக் காலைக் கிழித்துக்கொண்டு வருகிறவர்களுக்கு அவர் தையல் போட்டால் தழும்பைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற காயம் என்றால் நன்றாகப் பார்த்தார்.

அந்த வருஷம் பெரிய துரை வேலையை விட்டுச் சீமைக்குத் திரும்பிப் போனார். அந்தக் காலத்தில் வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள். கப்பலில் ஏற்ற முடியாத மூன்று பொருள்கள் அவரிடம் இருந்தன. நாய் பெரிய கிளாக்கருக்குப் போனது. பியானோ நுவரெலியாவில் ஒரு ஹோட்டலுக்குப் போனது. தேன்பெட்டி டாக்டரய்யாவுக்கு வந்தது. எப்போதோ ஒரு நாள் துரையின் கட்டைவிரலுக்கு அவர் தையல் போட்டிருந்தார்.

பெட்டியில் இருந்தவை நம்முடைய தேனீக்கள் இல்லை. சீமைத் தேனீக்கள். கொஞ்சம் பருமன், கொஞ்சம் வெளிறிய நிறம். துரை விடுமுறைக்குப் போய்வந்தபோது ராணித் தேனீயையும் கூட்டாளிகள் சிலதையும் சின்னக் கூண்டில் அடைத்துச் சட்டைப்பையில் வைத்துக் கொண்டுவந்தாராம். அந்தச் சமயம் லயத்து வரிசை வீடுகளில் இருந்த இந்திய வம்சாவளித் தொழிலாளர்கள் பிரஜாவுரிமை விண்ணப்பத்துக்காகத் தகப்பனின் பிறப்புப் பத்திரம், பாட்டனின் பிறப்புப் பத்திரம் என்று அலைந்துகொண்டிருந்தார்கள். பலருக்கு டாக்டரய்யாதான் படிவம் நிரப்பிக் கொடுத்தார். தேனீக்களிடம் யாரும் பத்திரம் கேட்கவில்லை.

பெட்டியை டிஸ்பென்சரிக்குப் பின்னால், என் அறை ஜன்னலுக்கு நேரே, ஒரு மர வாங்கின் மேல் வைத்தார். தகரத்தில் சின்னக் கூரை போட்டார். முதல் தடவை பெட்டியைத் திறந்தபோது புகைத் தகரத்தைப் பிடிக்க என்னைக் கூப்பிட்டார்.

"பயப்பிடாதையும் பிள்ளை. இதுகள் வெள்ளைக்காரன்ட பூச்சியள். ஒழுங்கானதுகள்."

நான்கு கொட்டின. மூன்று என்னை, ஒன்று அவரை.

"நீர் அசைஞ்சிட்டீர்" என்றார்.

தேன்பெட்டி வந்த பிறகு மனிதர் மாறினார். காலையில் நோயாளிகளை முன்னைவிட வேகமாக அனுப்பிவிட்டுப் பின்பக்கம் போய் முக்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். டர்பன்டைன் மரங்கள் பூத்திருந்த மாதங்கள். தேனீக்கள் வருவதையும் போவதையும் பார்த்துக்கொண்டிருப்பார். சில சமயம் மெதுவாகப் பேசுவார். என்ன பேசுகிறார் என்று ஜன்னல் வழியே கேட்டேன். "சாப்பிட்டாச்சோ?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நோயாளி யாரிடமும் அவர் அதைக் கேட்டு நான் பார்த்ததில்லை.

ஆனி மாதம் மழை பிடித்தது. எங்கள் பக்கத்து மழை கொட்டிவிட்டுப் போகிற மழை இல்லை. மலையில் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். பகல் பதினொரு மணிக்கும் பனிமூட்டம் கலையாது. துவைத்த துணி நான்கு நாளாகியும் காயாது. செருப்பில் பூஞ்சணம் பிடிக்கும். அப்படி ஒரு காலையில் டாக்டரய்யா கையை நீட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். உள்ளங்கையில் வெள்ளையாக ஏழெட்டுத் துண்டுகள் இருந்தன. நெல்லைவிடப் பெரியவை. பள்ளிக்கூடத்துச் சோக்கட்டி உடைந்தது போல இருந்தன. ஒன்றிரண்டு சாம்பல் நிறம், ஒன்று கறுப்பு.

"என்னய்யா இது?"

"பிள்ளையள்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. பின்பக்கம் கூட்டிக்கொண்டுபோய்ப் பெட்டியைத் திறந்து அடைச் சட்டத்தைத் தூக்கிக் காட்டினார். தேனீ முட்டையிட்டுப் புழு வளர்கிற அறைகள். பாலாடை போலப் புழு இருக்க வேண்டிய இடத்தில் பஞ்சு பூத்தது போல வெள்ளை. சில அறைகளில் பஞ்சு காய்ந்து கட்டியாகியிருந்தது. சட்டத்தை மெதுவாக ஆட்டினார். உள்ளே கிலுகிலுப்பை போல ஓசை கேட்டது. பெரிய தேனீக்களுக்கு ஒன்றும் இல்லை. அவை செத்த புழுக்களை அறையிலிருந்து இழுத்துவந்து வாசலில் போட்டு, அங்கிருந்து கீழே தள்ளிக்கொண்டிருந்தன. கோபமாகவோ துக்கமாகவோ தெரியவில்லை. வீடு கூட்டுவது போலச் செய்தன.

நான் பிரசவம் பார்த்ததில் அந்த வருஷம் வரைக்கும் எட்டுப் பிள்ளைகளைக் குழியில் வைக்கக் கொடுத்திருந்தேன். அதனால் அந்தச் சட்டத்தை அதிக நேரம் பார்க்கவில்லை.

டாக்டரய்யா வைத்தியத்தில் இறங்கினார். அதுவரை அவர் எந்த நோயாளிக்கும் செய்யாததையெல்லாம் செய்தார். காலை, மாலை இரண்டு வேளையும் போய்ப் பார்த்தார். கொப்பி ஒன்றில் எழுதினார். சீனிப்பாகில் ஒரு மருந்தைக் கலந்து வைத்தார். அடுத்த நாள் மருந்தைக் குறைத்தார். கந்தகப் புகை போட்டார். அதற்குப் பெரிய தேனீக்களும் சாகத் தொடங்கியதும் நிறுத்தினார். மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா ஒரு யோசனை சொன்னார். தேயிலைக் கொழுந்தில் அப்போது கொப்புள நோய் வந்து, மலையெல்லாம் செம்பு மருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு வாளி பெட்டிக்கும் அடிக்கலாமே என்றார். டாக்டரய்யா அவரோடு ஒரு கிழமை, ஏழு நாளும், பேசவில்லை.

தினமும் எத்தனை விழுகிறது என்று தெரிய வேண்டும் என்பதற்காகத் தன் பழைய படுக்கை விரிப்பைத் துவைத்துப் பெட்டியின் கீழே விரித்தார். காலையில் சாவணத்தால் ஒவ்வொன்றாகக் கவ்விப் பொறுக்கி, மாத்திரைப் போத்தலில் போட்டு, ஒரு துண்டுக் கடதாசியில் இங்கிலீஷில் திகதி எழுதி ஒட்டி, அலமாரியில் பூட்டி வைத்தார். சிலதை நெருப்புப்பெட்டியில் அடைத்து, பேராதனையில் பூச்சிகளைப் பற்றிப் படித்த ஓர் உத்தியோகத்தருக்குத் தபாலில் அனுப்பினார்.

இதையெல்லாம் டிஸ்பென்சரிக்கு வந்த சனம் பார்த்துக்கொண்டிருந்தது என்பதை நாங்கள் இருவரும் யோசிக்கவில்லை.

அப்படிப் பார்த்தவர்களில் ஒருவர் பணிய லயத்து அக்கா. ஆற்றோரமாகக் கீழே இருந்த வரிசையைப் பணிய லயம் என்பார்கள். அந்த அக்கா கொழுந்து பறிப்பவர். புருஷன் கவ்வாத்து வெட்டுபவர், வெட்டினவர் என்று சொல்வதுதான் சரி. அவருக்கு வயிற்றுக் கோளாறு. நான் தோட்டத்துக்கு வருவதற்கு முன்பே தொடங்கியது. மலையில் நிற்க முடியாமல் அடிக்கடி பற்றைப் புதர்ப் பக்கம் ஓடினதால் கங்காணி அவருக்கு அரைநாள் சம்பளத்துக்கு அரைப்பேர் போடத் தொடங்கி, பிறகு வேலைக்கே கூப்பிடாமல் விட்டார். ஆள் மெலிந்து தோளெலும்பு தெரிந்தது. அக்கா ஒரு கிழமை தவறாமல் போத்தலோடு வருவார்.

"எப்படி இருக்கு?"

"வயித்தால போய்க்கிட்டேதாங்க இருக்கு, டாக்டரய்யா."

"வெள்ளை" என்பார் டாக்டரய்யா. நான் நிரப்புவேன்.

பணிய லயத்து அக்காவுக்கு வெள்ளை மருந்தில் நம்பிக்கை இல்லை. அதை எல்லார் முன்னாலும் சொல்வார். "சும்மா சுண்ணாம்புத் தண்ணி" என்பார். ஆனாலும் வாங்கிப் போவார். கொடுக்கிற மருந்தைக் குடிக்கவைக்காமல் புருஷன் செத்துப்போனால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற பயம்.

ஆவணியில் ஒரு நாள் பின்னேரம் பணிய லயத்தில் ஒரு பிரசவம். அந்த அக்கா குடியிருந்த காம்பிராவுக்கு அடுத்த காம்பிரா. பிள்ளை சுகமாகப் பிறந்தது, பெண் பிள்ளை. எனக்குத்தான் அன்று கடைவாய்ப் பல் வலி. காலையிலிருந்து கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கை கழுவி வெளியே வந்ததும் அக்கா வாசல் இஸ்தோப்பில் உட்கார வைத்துத் தேத்தண்ணி கொடுத்தார். என் கன்னத்தைப் பார்த்தார். உள்ளே போய் ஒரு பழைய பவுடர் டப்பாவைக் கொண்டுவந்தார்.

"இதுல ஒண்ணு வாயில போடுங்க மிஸ்ஸி. கேக்கும்."

எங்கள் பக்கத்தில் நர்ஸையும் மருத்துவச்சியையும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். களைப்பில் நான் கையை நீட்டினேன். வெள்ளையாக ஒன்றை வைத்தார். வாயில் போட்டுத் தேத்தண்ணியோடு விழுங்கினேன். பெரிதாக ருசி ஒன்றும் இல்லை. நெடுநாள் திறக்காத பெட்டகத்தின் வாசம் மாதிரி ஒன்று.

"என்ன மாத்திரை அக்கா இது? வைத்தியர் யாரும் வந்தாங்களா?"

அக்கா குரலைத் தாழ்த்தினார். "நம்ம டாக்டரய்யா ஒளிச்சு வச்சிருக்காரே, அந்த வெள்ள மாத்திரதாங்க."

நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"எங்களுக்கெல்லாம் போத்தல்ல தண்ணி. கிளாக்கரய்யா வூட்டுக்கும் தொரை பங்களாவுக்கும் மாத்திரை. நாங்க என்ன கண்ணு தெரியாதவங்களா? பொறத்தால துணி விரிச்சுக் காயப்போடுறாரு. குச்சியால ஒண்ணொண்ணா எடுக்குறாரு, கையால தொடுறதில்ல. போத்தல்ல போட்டு இங்கிலீசுல எழுதிப் பூட்டுறாரு. அப்படின்னா அது எப்பேர்ப்பட்ட மருந்தா இருக்கணும்?"

நான் யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னதில் எந்த இடத்திலும் பிழை இல்லை.

"அக்கா, அதத் துணியிலேர்ந்தா எடுத்தீங்க?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் களவாணி இல்லீங்க மிஸ்ஸி. துணிக்கு வெளிய புல்லுல செதறிக் கெடக்குறதத்தான் பொறுக்குனேன். காலையில வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போற வழிதான? தூக்கிப்போட்ட மருந்து. எடுத்தா என்ன தப்பு?"

"யாருக்குக் குடுத்தீங்க?"

"எங்க வூட்டு ஆளுக்குத்தாங்க. காலையில ரெண்டு, சாயங்காலம் ரெண்டு. ஒரு மாசமாச்சு. அந்தச் சுண்ணாம்புத் தண்ணிய நிப்பாட்டிட்டேன், ரெண்டு மருந்து ஒண்ணாக் குடுக்கக் கூடாதுல்ல? இப்பப் பாருங்க."

உள்ளே திரும்பிப் பார்த்தேன். புருஷன் அடுப்படியில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து கும்பிட்டார். தானாக எழுந்தார். கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. இரண்டு கிழமை ஓடாமல் கொள்ளாமல் மலையில் நின்று வேலை செய்ததாகவும், கங்காணி முழுப்பேர் போட்டதாகவும் சொன்னார்.

"இந்த லயத்துல இன்னும் நாலு பேருக்குக் குடுத்தேன்" என்றார் அக்கா. "ஒருத்தருக்கு முட்டிவலி, அதுக்கு மட்டும் கேக்கல."

மலை ஏறி டிஸ்பென்சரிக்கு வந்து சேரும் வரைக்கும் எனக்குப் பல் வலித்ததா இல்லையா என்று நினைவில்லை. வேறு யோசனை இருந்தது. அறைக்கு வந்து ஜன்னலைத் திறந்தேன். எதிரே தேன்பெட்டி. வாசலில் ஒரு தேனீ வெள்ளையாக ஒன்றைத் தள்ளிக்கொண்டிருந்தது. ஜன்னலை மூடினேன்.

மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் டாக்டரய்யா அக்காவை என்ன செய்வாரோ என்று ஒரு பயம். சொல்லாவிட்டால் பணிய லயத்தில் யாருக்காவது ஏதாவது ஆகிவிடுமோ என்று இன்னொரு பயம். எனக்கே ஏதாவது ஆகிறதா என்று காலையில் எழுந்ததும் கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்தேன். ஜாடையாக ஒரு நாள் கேட்டேன்.

"ஐயா, அந்த நோய் மனுசருக்கு ஒட்டுமா?"

"ஏன் பிள்ளை கேக்கிறீர்?"

"சும்மாதான்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. இந்த விஷயத்தில் அக்கறையாக ஒரு கேள்வி கேட்ட முதல் ஆள் நான்தான். கொப்பியைக் கொண்டுவந்து முழுவதும் வாசித்துக் காட்டினார். ஒரு மணித்தியாலம் ஆனது. என் கேள்விக்குப் பதில் அதில் இல்லை.

நான்காம் நாள் பேராதனையிலிருந்து கடிதம் வந்தது. டாக்டரய்யா மேசையருகே நின்றபடியே வாசித்தார். பிறகு உட்கார்ந்து எனக்கும் சொன்னார்.

"பங்கசாம் பிள்ளை. பூஞ்சணம். அந்தச் சாதியில ஒண்டில்லை, ஒரு கூட்டமே இருக்காம். எல்லாம் தேனீப் பூச்சியளத்தான் பிடிக்கும். பெரிசுகளை ஒண்டும் செய்யாது. புழு சாப்பாட்டோட சேத்து விதையைத் தின்னும். வயித்துக்குள்ள முளைக்கும். பிறகு உடம்பைத் துளைச்சுக்கொண்டு வெளியில வரும். கறுப்பா இருக்கிறதுகளில விதை முத்தியிருக்கு. அந்த விதை வருசக்கணக்கா இருக்குமாம், சாகாதாம்."

"மருந்து?"

"இல்லையாம். பூஞ்சணம் பிடிச்ச அடையளை எரிச்சுப்போட்டு, பெட்டியை ஈரமில்லாத, வெயில் பிடிக்கிற இடத்தில வைக்கட்டாம்."

இருவரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தோம். பனிமூட்டத்தில் பெட்டியே தெரியவில்லை.

"மனுசருக்கு?" என்றேன்.

கடைசி வரியைத் தேடிப் பிடித்தார். "மனிசருக்கு ஒரு தீங்கும் இல்லை எண்டு எழுதியிருக்கு. ஏன் பிள்ளை இதையே கேக்கிறீர்?"

அப்போதுதான் சொன்னேன். பவுடர் டப்பா, புல்லில் பொறுக்கியது, காலையில் இரண்டு சாயங்காலம் இரண்டு, முட்டிவலிக்காரர் எல்லாவற்றையும் சொன்னேன். நான் விழுங்கினதையும் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"அவனுக்குச் சுகமோ?"

"சுகம்தான் ஐயா. வேலைக்குப் போறார்."

"எத்தினை வருசம் நான் மருந்து குடுத்தனான்?"

எனக்குத் தெரியாது என்றேன். பதிவுப் புத்தகங்களை எடுத்துப் போட்டுத் தேடினார். நான் வருவதற்கு ஒன்றரை வருஷம் முன்பு, தைப்பொங்கலுக்கு அடுத்த நாள், அந்த ஆள் முதல் தடவை வந்திருக்கிறார். நோய்: வயிற்று நோவு. பொங்கலன்று அதிகம் தின்று வயிறு கட்டிக்கொண்டது. கொடுத்தது: வெள்ளை. அதற்கு அடுத்த கிழமை: வயிறு, வெள்ளை. அடுத்த கிழமை: வயிறு, வெள்ளை. பக்கம் பக்கமாக அப்படியே போனது. ஒரு கட்டத்திலிருந்து எழுத்து என்னுடையதாக மாறியது.

"அவரைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லும்" என்றார் டாக்டரய்யா.

அடுத்த நாள் காலை புருஷனும் பெண்சாதியும் வந்தார்கள். அக்கா சண்டைக்குத் தயாராக வந்திருந்தார். புருஷன் பழக்கத்தில் நாக்கை நீட்டினார். டாக்டரய்யா அதைப் பார்க்கவில்லை. வாங்கில் படுக்கச் சொன்னார். சட்டையைத் தூக்கி வயிற்றை நாலு பக்கமும் அமுக்கிப் பார்த்தார். நான் அங்கே வேலை செய்த காலத்தில் அவர் ஒருவரின் வயிற்றைத் தொட்டது அன்றுதான். பிறகு முக்காலியை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நோ எப்ப நிண்டது?"

"நோவு பொங்கல் முடிஞ்சு மூணா நாளே நின்னுருச்சுங்க" என்றார் புருஷன்.

"பிறகு ஏன் ஒவ்வொரு கிழமையும் மருந்து எடுத்தனீங்கள்?"

"வயித்தால போச்சுங்களே."

"எப்ப துவங்கினது அது?"

அவர் பெண்சாதியைப் பார்த்தார். அக்காதான் பதில் சொன்னார். "ஒங்க மருந்து குடிச்ச அன்னைக்கித்தாங்க. நான்தான் வந்து வந்து சொன்னேனே, டாக்டரய்யா. வயித்தால போகுது, வயித்தால போகுதுன்னு. நீங்க வெள்ளை வெள்ளைன்னீங்க."

வெள்ளை மருந்து பேதி மருந்து. மலம் கட்டினவர்களுக்குக் கொடுப்பது. ஒன்றரை வருஷமும் அதற்கு மேல் நான் இருந்த காலமும் சேர்த்து, அந்த மனிதர் தினம் மூன்று வேளை பேதி மருந்து குடித்திருக்கிறார். குடித்ததால் போயிருக்கிறது. போனதால் மறுபடி வந்திருக்கிறார்கள். அக்கா செத்த புழுவைக் கொடுத்து அந்த மருந்தை நிறுத்தியதால் அவர் பிழைத்தார்.

வெளியே வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு முகம் சுட்டது. அந்தப் போத்தலை எத்தனை தடவை என் கையால் நிரப்பினேன் என்று கணக்குப் பார்க்கவே பயமாக இருந்தது. "வயித்தால போகுது" என்று அந்த அக்கா சொன்னதை நானும் ஒவ்வொரு தடவையும் கேட்டவள்தான்.

டாக்டரய்யா எழுந்து நின்றார். "இனி வெள்ளை மருந்து குடிக்க வேண்டாம்" என்றார்.

"அதத்தான் நாங்களே நிப்பாட்டிட்டோமே" என்றார் அக்கா.

"ஓம். நல்ல வேலை செய்தனீங்கள்." பிறகு புருஷனைப் பார்த்து, "பிழை என்னில" என்றார். தோட்டத்து உத்தியோகத்தர் ஒருவர் கவ்வாத்துக்காரர் ஒருவரிடம் அப்படிச் சொல்லி அதுவரை யாரும் கேட்டதில்லை. அந்த மனிதருக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. மறுபடியும் நாக்கை நீட்டினார்.

அன்று பின்னேரமே டாக்டரய்யா பெட்டியை எரித்தார். கடிதத்தில் அடைகளை எரிக்கும்படி எழுதியிருந்தது. பெட்டிக்குள் மிஞ்சியிருந்தவை கொஞ்சம்தான். ராணி எப்போதோ செத்திருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி, ஈர விறகோடு போராடி, மூன்றாம் தடவையில் பற்றவைத்தார். அலமாரியிலிருந்த போத்தல்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து நெருப்பில் கொட்டினார். கண் கலங்கியிருந்தது. புகை என்றார். புகை அவருக்கு எதிர்ப்பக்கமாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

கொழுந்து நிறுத்துவிட்டு வந்துகொண்டிருந்த பெண்கள் நின்று பார்த்தார்கள். பணிய லயத்து அக்கா கூடையோடு முன்னால் வந்தார்.

"எதுக்குங்க எரிக்கிறீங்க? நாங்க எடுத்துத் தின்னோம்னா?"

டாக்டரய்யா திரும்பவில்லை. நான் அக்காவைத் தள்ளிக் கூட்டிக்கொண்டுபோய் உண்மையைச் சொன்னேன். அது மாத்திரை இல்லை, தேனீயின் புழு, பூஞ்சணம் பிடித்துச் செத்த புழு என்றேன். அவர் என் முகத்தைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"மிஸ்ஸி, புழுவ யாராச்சும் போத்தல்ல போட்டுப் பேரெழுதிப் பூட்டி வைப்பாங்களா?"

"வச்சாரே அக்கா."

"ஒங்கள அப்படிச் சொல்லச் சொல்லியிருக்காரு. பாவம், நீங்க என்ன செய்வீங்க? சம்பளத்துக்கு இருக்குறவங்க."

அதற்கு மேல் நான் என்ன சொன்னாலும் எடுபடவில்லை. டப்பாவில் மிச்சம் இருந்ததை அவர் சிக்கனமாக வைத்திருந்து, தீபாவளி வரைக்கும் ஓட்டினார் என்று கேள்விப்பட்டேன்.

அதற்குப் பிறகு டிஸ்பென்சரியில் வேலை மெதுவாக நடந்தது. டாக்டரய்யா ஒவ்வொருவரையும் உட்காரவைத்துக் கேட்கத் தொடங்கினார். எத்தனை நாளாக? சாப்பிட்டால் கூடுகிறதா, குறைகிறதா? ராத்திரி நித்திரை வருகிறதா? அலமாரியிலிருந்த மற்ற மருந்துகள் வெளியே வந்தன. சிலது பழுதாகிப் போயிருந்தன. ஏழு மணிக்கு முடிகிற வரிசை ஒன்பது மணிக்கும் முடியவில்லை. பெரட்டுக்கு ஆள் பிந்துகிறது என்று கண்டாக்கு ஐயா புதுத் துரையிடம் முறையிட்டார். துரை வந்து பார்த்துவிட்டு, நிற்கிறவர்கள் உட்கார இரண்டு வாங்கு போடச் சொல்லிவிட்டுப் போனார். லயத்துச் சனத்துக்கும் இந்த மாற்றம் பிடிக்கவில்லை. முன்பெல்லாம் நாக்கைப் பார்த்தே நோயைக் கண்டுபிடித்த மனிதர், இப்போது ஒவ்வொன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது, வயதாகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். இருந்தாலும் அந்த வருஷத்துக்குப் பிறகு நான் குழியில் வைக்கக் கொடுத்த பிள்ளைகள் குறைவு. பிள்ளைத்தாய்ச்சிகளையும் அவர் கேள்வி கேட்டதுதான் காரணம் என்று நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியாது.

பணிய லயத்து அக்காவின் புருஷன் மறுபடி கவ்வாத்துக்குப் போய்ப் பல வருஷம் நன்றாக இருந்தார். நான் கலியாணமாகிக் கினிகத்தேனைப் பக்கத்தில் வேறொரு தோட்டத்துக்குப் போனபோது எனக்காக என் டிரங்குப் பெட்டியைப் பஸ் நிற்கும் இடம் வரைக்கும் தலையில் சுமந்து வந்தார்.

டாக்டரய்யா ஓய்வு பெற்று ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் எனக்கு ஒரு கடிதம் போட்டார். தோட்டத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. வீட்டுக்குப் பின்னால் வெங்காயம் போட்டிருப்பதாகவும், கிணற்றுத் தண்ணீர் அந்த வருஷம் கொஞ்சம் உவர் என்றும், மனைவிக்குத் தான் வீட்டில் இருப்பது இன்னும் பழகவில்லை என்றும் எழுதியிருந்தார். நான் முன்பு எழுதியிருந்த என் இரண்டாவது பிள்ளையின் இருமல் எப்படி இருக்கிறது, காலையில் கூடுகிறதா, மாலையில் கூடுகிறதா, சளி என்ன நிறம் என்று மூன்று கேள்விகள் கேட்டிருந்தார். பதில் எழுதினேன்.